லைவ் லினக்ஸில் எதைச் சேமிப்பது, எங்கே சேமிப்பது

பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் செய்த மாற்றம் அடுத்த பூட்டில் காணாமல் போவதற்குக் காரணம் எளிது. சிஸ்டம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட ஒரே கோப்புக்குள் இருக்கிறது. அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. அதன்மேல் ஓவர்லேஎஃப்எஸ் ஒரு அடுக்கைப் போர்த்துகிறது. நீங்கள் எழுதுவதெல்லாம் அந்த மேலடுக்கில் விழுகிறது. மேலடுக்கு ரேமில் இருப்பதால் கணினியை அணைத்ததும் அதுவும் போய்விடுகிறது. மாற்றங்களை நிலைக்கச் செய்ய, பெர்சிஸ்டன்ஸ் என்ற பெயரில் வரும் வழிகளில் பெரும்பாலானவை இந்த மேலடுக்கை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ பென் டிரைவுக்குக் கொண்டுபோகின்றன. முழுதாகவா, பகுதியாகவா என்பதில்தான் முடிவு இருக்கிறது. பலர் அதை யோசிக்காமல் முழுதாக என்று தொடங்கி, ஆறு மாதத்தில் பூட் ஆகாத டிரைவோடு நிற்கிறார்கள்.

நிலைக்க வேண்டியவற்றை முதலில் பிரித்துப் பாருங்கள். ஆவணங்கள், படங்கள், நிரல்கள் ஒரு வகை. பிரௌசர் புக்மார்க், எஸ்எஸ்எச் சாவி, டெஸ்க்டாப் அமைப்பு, எழுத்துருக்கள் இரண்டாவது வகை. இவையும் பயனரின் சொந்த அடைவான ஹோமுக்குள்தான் இருக்கின்றன. நீங்களாக நிறுவிய பேக்கேஜ்கள், டிரைவர்கள், சிஸ்டம் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் செய்த திருத்தங்கள் மூன்றாவது வகை. முதல் இரண்டையும் எந்த லைவ் படிமத்தின் மீதும் கொண்டுபோய் வைக்கலாம். மூன்றாவது வகை, எந்த ஐஎஸ்ஓவின், அதாவது இறக்கிய லினக்ஸ் படிமக் கோப்பின், மேல் உருவானதோ அதோடு கட்டிப்போடப்பட்டது.

தமிழ்99 தட்டச்சு இந்தப் பிரிவினையை நன்றாகக் காட்டும். புள்ளி தானாக விழும் தமிழ்99 வேண்டுமானால் ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் தேவை. லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபியோடு வரும் தமிழ்நெட்99 விசைப்பலகை ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே அறியும். முந்தைய எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்க அதனால் ஆகாது. பேக்கேஜ் யூஎஸ்ஆர் அடைவில் உட்காருகிறது. தமிழ்99 வேண்டும் என்ற உங்கள் தேர்வோ ஹோமில், டிகான்ஃப் கோப்பில் பதிகிறது. ஹோமை மட்டும் சேமித்தால் அடுத்த பூட்டில் தேர்வு இருக்கும், வேலை செய்ய வேண்டிய பேக்கேஜ் இருக்காது. எழுத்துருக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹோமுக்குள் டாட் லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற அடைவில் போட்டால் போதும், ரூட் அனுமதியே தேவையில்லை.

முழு மேலடுக்கையும் சேமிப்பது

உபுண்டுவில் இந்த வேலையைக் காஸ்பர் என்ற பகுதி செய்கிறது. டெபியனிலும் காளியிலும் லைவ்-பூட் செய்கிறது. இரண்டும் ஒரே வழியில்தான் இயங்குகின்றன. குறிப்பிட்ட லேபிள் உள்ள பார்ட்டிஷனைத் தேடி, கிடைத்தால் ரேமுக்குப் பதில் அதை மேலடுக்காக ஏற்றுகின்றன. உபுண்டு 20.04 முதல் அந்த லேபிள் ரைட்டபிள். அதற்கு முந்தைய பதிப்புகளில் காஸ்பர்-ஆர்டபிள்யூ. டெபியனுக்கு லேபிள் பெர்சிஸ்டன்ஸ். இதோடு பூட் மெனுவில் கெர்னலுக்குக் கட்டளை கொடுக்கும் வரியில் ஒரு சொல்லும் வேண்டும்: உபுண்டுவுக்குப் பெர்சிஸ்டன்ட், டெபியனுக்குப் பெர்சிஸ்டன்ஸ். ஈற்றெழுத்து மாறிப்போனால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சிஸ்டம் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல எல்லாவற்றையும் மறந்துவிடும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, டெர்மினலில் டிஎஃப் கட்டளையைக் கொடுத்து, சாய்கோடு என்று காட்டப்படும் ரூட் அடைவின் அளவைப் பாருங்கள். உங்கள் ரேமில் சரிபாதியாக இருந்தால் மேலடுக்கு இன்னும் ரேமில்தான் இருக்கிறது.

டெபியனுக்கான படிகள் இவை. 16 ஜிபி அல்லது 32 ஜிபி டிரைவில் ஐஎஸ்ஓவை டிடி கட்டளையால் எழுதுங்கள். பிறகு எஃப்டிஸ்க் கொண்டு மீதி இடத்தில் மூன்றாவது பார்ட்டிஷனைச் சேருங்கள். ஐஎஸ்ஓ9660 அடையாளத்தை அழிக்கவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜிபார்ட்டட் இந்த மாதிரி டிரைவைப் பார்த்துக் குழம்பும் என்பதால் அதை இங்கே தவிர்ப்பது நல்லது. புதிய பார்ட்டிஷனை எக்ஸ்ட்4 ஆக, பெர்சிஸ்டன்ஸ் என்ற லேபிளோடு ஃபார்மட் செய்து, அதன் மேல்மட்டத்தில் பெர்சிஸ்டன்ஸ் டாட் கான்ஃப் என்ற கோப்பை உருவாக்குங்கள். அதற்குள் ஒரே வரி: ஒரு சாய்கோடு, ஒரு இடைவெளி, யூனியன் என்ற சொல். வரியின் இறுதியில் என்டர் தட்ட மறக்காதீர்கள்.

பார்ட்டிஷன் எக்ஸ்ட்4 ஆக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓவர்லேஎஃப்எஸ் தன் குறிப்புகளை நீட்டிப்புப் பண்புகளாக எழுதுகிறது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் அவற்றுக்கு இடமில்லை. ஃபேட்32 டிரைவில் பார்ட்டிஷன் பிரிக்க விரும்பாதவர்கள் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்த ஒரு படிமக் கோப்பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

டிடியால் எழுதிய டிரைவில் இன்னொரு சங்கடம்: கிரப் என்ற பூட்லோடரின் மெனு இருக்கும் பகுதியும் எழுத முடியாதது. ஆகவே ஒவ்வொரு பூட்டிலும் ஈ விசையை அழுத்தி, பெர்சிஸ்டன்ஸ் என்ற சொல்லைக் கையால் சேர்க்க வேண்டும். யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரில் எழும் கணினி மட்டும் போதுமென்றால், ஐஎஸ்ஓவின் உள்ளடக்கத்தை ஃபேட்32 பார்ட்டிஷனில் நகலெடுத்து கிரப் டாட் சிஎஃப்ஜி கோப்பை ஒருமுறை திருத்திவிடலாம். விண்டோஸில் ரூஃபஸ் என்ற கருவி இதையெல்லாம் ஒரு ஸ்லைடருக்குள் அடக்கிவிடுகிறது; உபுண்டு, டெபியன் படிமங்களுக்கு இந்த வசதி அதன் 3.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. காளியின் பூட் மெனுவில் பெர்சிஸ்டன்ஸுக்குத் தனி வரியே உண்டு, மறையாக்கம் செய்த பெர்சிஸ்டன்ஸுக்கும் இன்னொரு வரி உண்டு.

அமைப்பது இவ்வளவு சுலபம். தொல்லை பின்னால் வருகிறது.

முதல் தொல்லை இடம். கீழடுக்கில் இருக்கும் லிப்ரேஆஃபிஸை அப்டேட் செய்தால் புதிய பதிப்பு மேலடுக்கில் முழுதாக ஏறும். பழையது ஸ்குவாஷ்எஃப்எஸுக்குள் அப்படியே கிடக்கும். அதை நீக்கினாலும் இடம் மிஞ்சாது. நீக்கப்பட்டது என்ற ஒரு மறைப்புக் குறி மேலடுக்கில் கூடுதலாக விழும், அவ்வளவுதான். பெரிய கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முழுக் கோப்பும் மேலே நகலாகும். யூஎஸ்ஆர் அடைவின் மீது, உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையை உள்ளடைவுகளோடு சேர்த்து ஓட்டினால் அந்த அடைவு முழுவதும் மேலடுக்குக்கு வந்துவிடக்கூடும்.

இரண்டாவது கெர்னல். பூட் ஆகும் கெர்னலும், அதோடு முதலில் ஏறும் சிறு கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸும் மேலடுக்கிலிருந்து வருவதில்லை, ஐஎஸ்ஓ பகுதியிலிருந்து வருகின்றன. பேக்கேஜ்களை நிறுவும் ஏப்ட் புதிய கெர்னலை நிறுவினாலும் அடுத்த முறை எழுவது பழையதுதான். பாதுகாப்புத் திருத்தம் வந்துவிட்டது என்று பேக்கேஜ் பட்டியல் சொல்லும், ஓடும் கெர்னலில் அது இருக்காது. மேலடுக்கில் சில நூறு எம்பி வீணாகும். கெர்னல் பேக்கேஜ்களை ஏப்ட்-மார்க் ஹோல்ட் கொடுத்து நிறுத்தி வைப்பதே சரி.

மூன்றாவதுதான் பெரியது. புதிய ஐஎஸ்ஓ வந்ததும் கீழடுக்கை மாற்றிவிட்டு, பழைய மேலடுக்கை அதன்மேல் வைக்க முடியாது. மேலடுக்கில் இருக்கும் டிபிகேஜியின் பேக்கேஜ் பதிவு, புதிய படிமத்தின் பதிவை மறைத்துவிடும். கோப்புகள் புதியவை, பதிவோ பழையவற்றைச் சொல்கிறது. நூலகங்கள் பாதி பழையவை, பாதி புதியவை. இதைச் சரிசெய்ய நேரம் செலவழிப்பதைவிட, ஹோமை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவது மேல்.

மேலடுக்கு நிறைந்துவிட்டால் தெரியும் அறிகுறி குழப்பமானது. லாகின் திரையில் கடவுச்சொல் கொடுத்ததும் அதே திரைக்குத் திரும்பிவிடும். ஹோமில் ஒரு சின்னக் கோப்பைக்கூட எழுத இடமில்லாததே காரணம். பெர்சிஸ்டன்ஸ் சொல் இல்லாமல் பூட் செய்து, பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, மேலடுக்குக் கோப்புகள் இருக்கும் அடைவுக்குள் ஏப்ட் ஆர்க்கைவ்ஸையும் பிரௌசர் கேஷையும் அழியுங்கள். அந்த அடைவின் பெயர் டெபியனில் ஆர்டபிள்யூ, உபுண்டுவில் அப்பர். பார்ட்டிஷன் மேலடுக்காக ஓடிக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக இதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் விளைவுக்கு உத்தரவாதம் இல்லை என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. டிரைவைத் திடீரெனப் பிடுங்கியதால் கோப்பு முறைமை கெட்டிருந்தாலும் இப்படித்தான் பூட் செய்து, மவுண்ட் செய்யாத நிலையில், அதைச் சரிபார்த்துத் திருத்தும் இ2எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டும்.

ஹோமை மட்டும் சேமிப்பது

பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது எங்கள் கணிப்பு. டெபியனில் அதே பெர்சிஸ்டன்ஸ் டாட் கான்ஃப் கோப்பில், யூனியன் வரிக்குப் பதிலாக ஹோம் அடைவின் பாதையை மட்டும் எழுதுங்கள். முதல் பூட்டில் படிமத்தின் ஹோம் உள்ளடக்கம் பார்ட்டிஷனுக்கு நகலாகும். அதன்பின் அங்கேயே நேராக எழுதப்படும். ஓவர்லே இல்லை, மறைப்புக் குறிகள் இல்லை. எந்த லினக்ஸ் கணினியில் செருகினாலும் சாதாரண அடைவாகத் திறக்கும். அடுத்த டெபியன் படிமம் வந்தால் ஐஎஸ்ஓ பகுதியை மட்டும் புதுப்பித்துவிட்டு அதே ஹோமை வைத்துக்கொள்ளலாம். உபுண்டுவில் ஹோமுக்கென்று ஹோம்-ஆர்டபிள்யூ என்ற லேபிள் இருக்கிறது.

கான்ஃப் கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் எழுதலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வைஃபை கடவுச்சொற்கள் ஹோமில் இல்லை. இடிசிக்குள் நெட்வொர்க்மேனேஜர் அடைவில், சிஸ்டம்-கனெக்ஷன்ஸ் என்ற உள்ளடைவில் இருக்கின்றன. அந்தப் பாதையை இரண்டாவது வரியாகச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் தட்டும் வேலை ஒழிந்தது.

பேக்கேஜ்கள்? நான்கைந்துதான் என்றால் அவற்றின் டெப் கோப்புகளை ஹோமுக்குள் ஓர் அடைவில் போட்டுவைத்து, பூட் ஆனதும் ஒரே வரி ஸ்கிரிப்டால் நிறுவிக்கொள்ளலாம். இணையம் தேவையில்லை, ஐபஸ்-எம்17என் போன்ற சிறியவை சட்டென ஏறிவிடும். டெப் கோப்புகளைச் சேகரிக்கும்போது ஏப்ட்-கெட் பயன்படுத்துங்கள். வெறும் ஏப்ட் கட்டளை, நிறுவி முடித்ததும் இறக்கிய கோப்புகளை அழித்துவிடும். டெப் கோப்புகள் மட்டும் அந்தப் படிமத்தின் பதிப்புக்கு உரியவை, படிமம் மாறினால் அவற்றையும் புதிதாக இறக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஹோமைப் புதிய படிமத்துக்கு ஏற்றுவது எளிது, பழையதற்கு இறக்குவது கடினம். புதிய ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட புரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும். வேறு டிஸ்ட்ரோவுக்கு மாறினால் பயனர் எண் வேறாக இருந்து அனுமதி மறுக்கப்படலாம். உரிமையாளரை ஒருமுறை மாற்றினால் சரியாகும்.

இதைவிடவும் எளிய வழி, பெர்சிஸ்டன்ஸே இல்லாமல் டிரைவில் தனி டேட்டா பார்ட்டிஷன் வைத்துக்கொள்வது. ஆவணங்கள் மட்டும் என்றால் அது போதும். எக்ஸ்ஃபேட் ஆக வைத்தால் விண்டோஸிலும் திறக்கும். ஆனால் விண்டோஸ் 10இன் 1703 பதிப்புக்கு முந்தையவை பென் டிரைவில் முதல் பார்ட்டிஷனை மட்டுமே காட்டும். எஸ்எஸ்எச் சாவியை எக்ஸ்ஃபேட்டில் வைக்காதீர்கள். அதில் அனுமதி பிட்டுகள் இல்லாததால், சாவி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுக்கும்.

பப்பி, எம்எக்ஸ், டெய்ல்ஸ், ஃபெடோரா

லைவாகவே ஓட வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட டிஸ்ட்ரோக்கள் இந்தச் சிக்கலை முன்பே யோசித்திருக்கின்றன.

பழைய கணினிக்கும் சிறிய டிரைவுக்கும் பப்பி. முதல்முறை அணைக்கும்போது சேவ் கோப்பா, சேவ் ஃபோல்டரா என்று கேட்கும். டிரைவ் எக்ஸ்ட்4 என்றால் ஃபோல்டர். முன்கூட்டியே அளவு நிர்ணயிக்க வேண்டியதில்லை. ஃபேட்32 என்றால் கோப்புதான். ஃப்ளாஷ் டிரைவில் பப்பி ரேமில் எழுதி, இடைவெளி விட்டு மொத்தமாக டிரைவுக்கு இறக்கும். இதனால் டிரைவ் தேய்வது குறையும். கடைசியாக இறக்கியதற்குப் பின் மின்சாரம் போனால் அந்த வேலை போச்சு. ஆகவே முக்கியமானதை முடித்ததும் டெஸ்க்டாப்பில் உள்ள சேவ் ஐகானைத் தட்டும் பழக்கம் வேண்டும். சேவ் கோப்பு கெட்டுப்போனால் பிஃபிக்ஸ்=ரேம் என்ற சொல்லோடு பூட் செய்து தப்பிக்கலாம். பயனர் எப்போதும் ரூட்டாகவே இருப்பது பப்பியின் பலவீனம்.

மூன்றாவது வகையும் கட்டாயம் நிலைக்க வேண்டும், டிரைவ் வெவ்வேறு கணினிகளில் ஓட வேண்டும் என்பவர்களுக்கு எம்எக்ஸ் லினக்ஸும் ஆன்டிஎக்ஸும் எங்கள் முதல் பரிந்துரை. லைவ் யூஎஸ்பி மேக்கரால் டிரைவை முழு வசதியோடு உருவாக்கி, பூட் மெனுவில் பெர்சிஸ்ட் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டாட்டிக் என்று பெயரில் வருபவை நேராக டிரைவில் எழுதும். அது இல்லாத ரூட் வகைகள் மாற்றங்களை ரேமில் வைத்திருந்து அணைக்கும்போது சேமிக்கும். வேகம் அதிகம், ரேமும் அதிகம் வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் ரூட்டை ரேமில் வைத்துப் பெரிய அப்டேட்டைத் தொடங்காதீர்கள், நடுவில் இடம் தீர்ந்துவிடலாம். ஸ்டாட்டிக் ரூட் தேர்வே பாதுகாப்பு.

எம்எக்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ரீமாஸ்டர். மேலடுக்கு வீங்கிவிட்டால் அதையும் கீழடுக்கையும் ஒன்றாக்கிப் புதிய ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை அங்கேயே செய்துகொள்ளலாம். அடுத்த பூட்டில் புதியது இடம்பிடிக்கும், பழையது ஓல்ட் என்ற பெயரில் ஓரமாக இருக்கும். புதியது எழவில்லை என்றால் அதற்குத் திரும்பலாம். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருப்பதற்கான காலியிடம் வேண்டும் என்பதால் 16 ஜிபிக்குக் குறைந்த டிரைவில் முயல வேண்டாம். கெர்னலுக்கும் தனி லைவ் அப்டேட்டர் உண்டு. முழு மேலடுக்கின் மூன்று தொல்லைகளில் முதல் இரண்டுக்கு உண்மையான தீர்வு இங்கேதான் இருக்கிறது.

டெய்ல்ஸ் வேறு நோக்கத்துக்கானது. அங்கே முழு ரூட்டையும் சேமிக்கும் வசதி வேண்டுமென்றே கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு பூட்டிலும் சிஸ்டம் மாசில்லாமல் எழ வேண்டும் என்பதே அதன் அடிப்படை. குறைந்தது 8 ஜிபி டிரைவில், எல்யூகேஎஸ் மறையாக்கம் செய்த பார்ட்டிஷனில், நீங்கள் தேர்ந்தவை மட்டும் நிலைக்கும்: கோப்புகள், வைஃபை, எஸ்எஸ்எச், ஜிபிஜி சாவிகள், டாட்ஃபைல்கள். கூடுதல் மென்பொருளின் பேக்கேஜ்கள் அந்தப் பார்ட்டிஷனில் காத்திருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவப்படுகின்றன. ஹோமோடு டெப் அடைவு என்று மேலே சொன்ன முறையின் செம்மையான வடிவம்தான் இது.

ஃபெடோராவின் லைவ்சிடி-ஐஎஸ்ஓ-டு-டிஸ்க் கருவி உருவாக்கும் வழக்கமான ஓவர்லே, கோப்பு மட்டத்தில் இல்லாமல் டிவைஸ்-மேப்பர் ஸ்னாப்ஷாட்டாக பிளாக் மட்டத்தில் இயங்குகிறது. ஒருமுறை எழுதிய பிளாக்கின் இடம் திரும்பாது. கோப்பை அழித்தாலும் ஓவர்லே சுருங்காது, நிறைந்தால் சிஸ்டம் எழாமலே போகலாம். அந்தக் கருவியைப் பயன்படுத்தினால் ஹோமுக்குத் தனி அளவு கொடுத்துவிடுங்கள், ஓவர்லேயில் அப்டேட் எதையும் ஓட்டாதீர்கள்.

பல ஐஎஸ்ஓக்களை ஒரே டிரைவில் வைத்திருப்பவர்களுக்கு வென்டாய். அதன் ஸ்கிரிப்டால் டிஏடி என்று முடியும் பெயருள்ள படிமக் கோப்பை உருவாக்கி, வென்டாய் அடைவில் உள்ள ஜேசன் கோப்பில் எந்த ஐஎஸ்ஓவுக்கு எந்தப் படிமம் என்று இணைக்க வேண்டும். படிமத்தின் அளவு சொல்லாவிட்டால் 1 ஜிபிதான் கிடைக்கும். அது எதற்கும் போதாது. டெபியனுக்கு லேபிளோடு கான்ஃப் கோப்பின் பெயரையும் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்க வேண்டும். ஐஎஸ்ஓவின் பெயரை மாற்றிவிட்டு ஜேசனை மாற்ற மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை.

டிரைவிலேயே முழு நிறுவல்

மூன்றாவது வகையே உங்கள் முக்கியத் தேவை, தினமும் வேலை செய்யும் சிஸ்டமே அதுதான் என்றால் லைவை விட்டுவிடுங்கள். யூஎஸ்பி எஸ்எஸ்டியில் சாதாரணமாக நிறுவுவதே சரி. கெர்னல் அப்டேட் ஆகும், நீக்கினால் இடம் மிஞ்சும், அடுத்த பதிப்புக்கு ஏறலாம். மலிவான பென் டிரைவில் இதைச் செய்தால் சிறு கோப்புகளை எழுதும் வேகம் மிகக் குறைவு. பேக்கேஜ் அப்டேட் ஓடும்போது டெஸ்க்டாப்பே உறைந்து நிற்கும், டிரைவும் விரைவில் தேயும். ஸ்வாப் பார்ட்டிஷனைத் தவிர்த்து, நோஏடைம் என்ற மவுண்ட் தேர்வைச் சேர்த்து, சிஸ்டம்டி ஜர்னலை ரேமில் வைத்தால் கொஞ்சம் தணியும்.

நிறுவும்போது கணினியின் உள் டிஸ்க்கைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு. உபுண்டுவின் பழைய நிறுவி, பூட்லோடரை வெளி டிரைவில் எழுதச் சொன்னாலும் உள் டிஸ்க்கில் பூட் கோப்புகள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷனில் எழுதிவிடும். பிறகு வெளி டிரைவ் வேறு கணினியில் எழாது. வெளி டிரைவ் செருகாதபோது, நிறுவப் பயன்படுத்திய கணினி கிரப் திரையில் நிற்கும். டிஸ்க்கைக் கழற்ற முடியாவிட்டால், நிறுவும் வரை அந்த இஎஸ்பியின் பூட் கொடியை எடுத்துவைக்கலாம். முடிந்ததும் கிரப்-இன்ஸ்டாலை ரிமூவபிள் தேர்வோடு ஓட்டுங்கள். யூஇஎஃப்ஐ பூட் பதிவு அந்தந்தக் கணினியின் மதர்போர்டில் இருப்பதால் டிரைவோடு பயணம் செய்யாது. இஎஃப்ஐ அடைவுக்குள் பூட் என்ற பொதுப் பாதையில் பூட்லோடர் இருந்தால்தான் எங்கும் எழும்.

எந்த வழியானாலும் பென் டிரைவ் தொலையும், சாகும். ஹோம் மட்டும் என்றால் ஆர்சிங்க்கை ஆர்க்கைவ் தேர்வோடு ஓட்டினால் போதும். முழு மேலடுக்கு என்றால் சாதாரண நகல் உதவாது. மறைப்புக் குறிகள் சாதனக் கோப்புகளாகவும் நீட்டிப்புப் பண்புகளாகவும் இருப்பதால், ரூட்டாக டார் ஓட்டி, எல்லா நீட்டிப்புப் பண்புகளையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மீட்கும்போது நீங்கள் நீக்கிய கோப்புகளெல்லாம் உயிர்பெற்று வந்துவிடும். அந்தச் சிரமம் வேண்டாமென்றால் பார்ட்டிஷனை மவுண்ட் செய்யாமல் டிடியால் அப்படியே படிமமாக எடுத்து வையுங்கள்.